உடுத்துக்கொண்டுதான் நிற்போம்

நான் நீந்தப் பழகியது இருபத்தாறு வயதில், ஜேர்மனியில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு. ஒரு வருடத் தொண்டு வேலைக்காக அந்த நாட்டின் சின்ன நகரம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கேயுள்ள இளைஞர் நிலையத்தில் எனக்கு மூன்று வேலை. பள்ளிக்கூடம் முடிந்து வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுப்பது, அவர்களோடு மேசைப்பந்து விளையாடித் தோற்பது, கிழமையில் இரண்டு நாள் அவர்களை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப் போவது. மூன்றாவதில்தான் வில்லங்கம் வந்தது. கரையில் காவல் நிற்க வந்தவளுக்கே நீந்தத் தெரியாது என்பதை அவர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வன்னியிலிருந்து வருகிறவள், குளங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் என்று யாரோ என்னைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் எங்கள் ஊர்ப் பெண்களின் குளிப்பு என்று அவர்களுக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? நீச்சல் ஆசிரியை என்னை மேலும் கீழும் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக நிறுத்திவிட்டாள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி எனக்குத் தண்ணீருக்குள் மூச்சு விடக் காட்டித் தந்தாள்.

மூன்று மாதம் பிடித்தது. மேலிருந்து குதித்து, தடாகத்தின் ஒரு நீளத்தை நீந்தி, தோளளவு தண்ணீரின் அடியில் கிடக்கும் வளையம் ஒன்றை எடுத்து வந்தால் கடற்குதிரைப் படம் போட்ட ஒரு துணி வில்லை தருவார்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் அம்மாவிடம் கொடுத்து நீச்சல் உடுப்பில் தைப்பித்துக்கொள்வார்கள். நான் அதை அறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, கொதியில். இங்கே பால்பல் விழுகிற வயதில் கிடைக்கிற சாதாரண விஷயம் எங்கள் ஊரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை என்ற கொதி அது.

எங்கள் ஊர் கிளிநொச்சியிலிருந்து பூநகரிப் பக்கம், ஜெயபுரம் தாண்டி உள்ளே போக வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த குடும்பங்கள் கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு இறங்கி, காடு வெட்டிக் குடியேறிய இடம். வீதி போடுவதற்காக எங்கிருந்தோ வந்தவர்கள் ஊர் எல்லையில் தோண்டிக் கிரவல் மண் அள்ளினார்கள். அள்ளி முடிந்ததும் கிடங்குகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கோடையில் அவை வெறும் பள்ளங்கள், பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் விளையாடுவார்கள். மாரியில் நிரம்பிவிடும். நான் ஜேர்மனிக்குப் போவதற்கு முந்திய மாரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் அப்படி ஒரு கிடங்கில் இறங்கினான். பத்து வயது. அக்கா கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கயிறோடு ஆட்கள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கிடங்குகளை மூடச் சொல்லி அலுவலகம் அலுவலகமாய் எழுதினோம். மூடுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை, மூடமாட்டோம் என்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் எங்கள் பிள்ளைகள் நீந்தத்தான் வேண்டும். இதுதான் என் கணக்கு. ஊர்க் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இரும்புக் குழாய் நட்டு, முதலை நுழையாதபடி வலை அடித்து ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். மிதவைகள் வேண்டும், கயிறுகள் வேண்டும். எங்கள் இளைஞர் கழகத்துப் பெடியள் பெட்டையளை முறையாகப் பழக்கியெடுக்க ஒரு பயிற்சியாளர் வேண்டும். அவர்கள் பிறகு ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பழக்குவார்கள். இன்னொரு மாரியில் இன்னொரு பிள்ளை போகக் கூடாது.

ஜேர்மனியில் இருக்கும்போதே அதற்குக் காசு தேடத் தொடங்கினேன். இளைஞர் நிலையத்தில் ஒரு பின்னேரக் கூட்டம் ஒழுங்கு செய்தார்கள். நான் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக் கொண்டு போனேன். திரையில் படம் காட்டிப் பேசினேன். குளம், வலை, மிதவை என்று நான் பேசியபோது எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு ரொட்டியைச் சாப்பிட்டார்கள். அப்போது நான் ஒரு வேலை செய்தேன். அலுவலகங்களுக்கு அனுப்புவதற்காக முன்பு கிடங்கைப் படமெடுத்திருந்தேன். ஒரு படத்தில் அக்காவும் இருந்தார். செத்தவீட்டுக்கு மறுநாள், தலைமயிர் விரிந்து கிடக்க, ஊத்தைச் சட்டையோடு கிடங்குக் கரையில் குந்தியிருந்தார். அந்தப் படத்தைத் திரையில் போட்டு, இவர்தான் தாய் என்றேன்.

எல்லாரும் ரொட்டியைக் கீழே வைத்தார்கள். ஒரு கிழவி மூக்கைச் சீறினார். கூட்டம் முடிந்ததும் சிறிய நிதியம் ஒன்றைச் சேர்ந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, விண்ணப்பம் அனுப்பு, நானே நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். நான் அன்றைக்குப் பெரிதாய் எதையோ வென்றுவிட்டவள் போல அறைக்குத் திரும்பினேன். அக்காவிடம் கேட்கவில்லையே என்ற எண்ணம் வந்தது. வந்ததை ஓரமாய்த் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஆடி மாதத்தில் அந்தப் பெண் வந்தார். கூடவே கொழும்பிலிருந்து நிதியத்தின் இணைப்பாளரும் வந்தார். அவர் தமிழர், ஐம்பது வயது இருக்கும், நல்ல வெள்ளைச் சேட்டு. எந்த ஊருக்குக் கொடுக்கலாம், எந்த ஊருக்குத் தேவையில்லை என்று அறிக்கை எழுதுவது அவர்தான்.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வெளியாள் ஒருவர் வருகிறார் என்றால் இருப்பதில் நல்லதை எடுத்து உடுத்துவார்கள். தோட்டத்தில் துரை வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாய் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த மலையை விட்டு இறங்கியவர்கள், இனி எவன் முன்னாலும் கந்தலோடு நிற்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். ‘தோட்டக்காட்டார்’ என்ற இளக்காரச் சொல்லை இங்கேயும் கேட்ட பிறகு அந்த முடிவு இன்னும் இறுகிவிட்டது. கிராம அலுவலர் வந்தாலே எங்கள் வீடுகளில் அயன் பண்ணிய சேட்டு வெளியே வரும். வெள்ளைக்காரி வருகிறாள் என்றால் கேட்க வேண்டுமா?

ஒழுங்கையெல்லாம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நிறைகுடம் வைத்திருந்தார்கள். உட்காரக் கதிரைகள் ஜெயபுரத்திலிருந்து வாடகைக்கு உழவு மெசினில் வந்து இறங்கின. பெண்கள் எல்லாரும் பட்டுச் சீலை. சங்கிலி இல்லாதவர்கள் இருக்கிறவர்களிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். சமையலுக்கு முன்னின்றவர் பக்கத்து வீட்டு அக்கா. கோழிக்கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பாயாசம். குசினியால் வெளியே வந்து முகம் கழுவி, தன் கலியாணக் கூறைச்சீலையை உடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். நான் மட்டும் சாதாரண சட்டையும் தோளில் ஒரு பையுமாக, திட்டம் செய்கிற ஆளைப் போல நின்றேன்.

எந்த அம்மா அந்தத் தாய் என்று ஜேர்மன்காரி என்னிடம் கேட்டார். காட்டினேன். நம்ப முடியாமல் ஒரு கணம் கூறைச்சீலையைப் பார்த்தார். பிறகு அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தன் மொழியில் மெதுவாகச் சொன்னார்.

“உங்கள் படத்தை நான் அங்கே பார்த்தேன். அன்றிலிருந்து உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். “என்ன சொல்லுறா?”

மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான். 

“நல்லாச் சமைச்சிருக்கிறியள் எண்டு சொல்லுறா, அக்கா.”

“இன்னும் சாப்பிடவே இல்லையே,” என்றார் அக்கா.

“மணத்தை வைச்சுச் சொல்லுறா.”

அக்காவுக்கு அது பிடித்துப்போனது. வந்தவருக்கு இரண்டு தரம் கறி போட்டார். 

பத்து நாள் கழித்து இணைப்பாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, கோவிக்காதேங்கோ. கலியாணவீடு மாதிரிச் செய்து வைச்சிட்டியள். நான் என்னத்தை எழுதுறது? வசதியான ஊர், உடனடித் தேவை தெரியேல்லை எண்டுதான் எழுத வேண்டிக் கிடக்கு.”

“சேர், அந்தக் கதிரை எல்லாம் வாடகை. நகை இரவல்.”

“எனக்கு விளங்குது. பாக்கிற ஆளுக்கு விளங்க வேணுமே. நான் இன்னொரு தரம் அவாவைக் கூட்டிக்கொண்டு வாறன். அண்டைக்கு எல்லாரும் வீட்டில இருக்கிற மாதிரிச் சும்மா இருங்கோ. சாப்பாடு ஒண்டும் வேண்டாம். அந்தத் தாயைப் பழைய உடுப்போட, மகன்ர படத்தைக் கையில வைச்சுக்கொண்டு கிடங்கடியில இருக்கச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

நான் ஓம் என்றேன். ஒளிக்க ஒன்றுமில்லை, உடனேயே ஓம் என்றேன். மாரிக்கு மூன்று மாதம் இருந்தது, எனக்கு வலை வேண்டும், மிதவை வேண்டும். ஒரு நாள் பழைய உடுப்பு உடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் ஊரைக் கூட்டி அதைச் சொன்னேன்.  இரண்டொருவர், காசு வருமென்றால் செய்து பார்க்கலாம்தானே என்று முணுமுணுத்தார்கள். என் அப்பா எழும்பினார். வன்னிக்கு வந்து நாற்பது வருடமாகியும் கோபம் வந்தால் அவருக்கு மலைநாட்டுப் பேச்சுத்தான் வரும்.

“நாலு பேரு முன்னால கந்தலோட நிக்கிறதுக்கா மலைய விட்டு எறங்கி வந்தோம்?” என்றார். “அதுக்கு அங்கயே நின்னிருக்கலாமே.”

“அப்பா, பிள்ளையள் சாகிறதை விட இது பெரிசோ?”

 அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். வாதத்தில் நான் வென்றுவிட்டேன். அப்போதுதான் அக்கா கதைத்தார்.

“என்னை ஏன் பழைய உடுப்போட இருக்கச் சொல்லீனம்? அண்டைக்கு என்னைப் பாத்தவா தானே?”

இதற்கு மேல் விழுங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன். “அக்கா, அண்டைக்கு அவா உங்கட சமையலைப் பற்றிச் சொல்லேல்லை. ஜேர்மனியில நான் உங்கட படத்தைக் காட்டினனான். அதைப் பாத்ததெண்டு சொன்னவா. நான் உங்களுக்கு மாத்திச் சொல்லிப்போட்டன்.”

“என்ன படம்?”

“கிடங்கடியில. அடுத்த நாள்.”

அக்கா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் யோசித்துவிட்டு, “அதில நான் என்ன உடுத்திருந்தனான்?” என்று கேட்டார்.

“வீட்டுச் சட்டை.”

“ஊத்தைச் சட்டை,” என்று அக்கா திருத்தினார். “அப்ப அந்தச் சனம் முழுக்க என்னை அதோட பாத்திருக்கு. ஒருக்காப் பாத்தது காணும். வரச் சொல்லு. நான் கூறைச்சீலையோடதான் நிப்பன். சாப்பாடும் இருக்கும். அதைப் பாத்துக் காசு தரேலாதெண்டா, கொண்டு போகட்டும்.”

ஒருவரும் கை தட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த மண்டபத்தில் வேறு கதை எடுபடவில்லை.

இணைப்பாளருக்கு நான் தொலைபேசி எடுத்தேன். 

“சேர், வாங்கோ. நாங்கள் உடுத்துக்கொண்டுதான் நிப்பம். சமைச்சும் வைப்பம்.”

“தங்கச்சி, பிறகு என்னில குறை சொல்லக் கூடாது. காசு கிடைக்காமல் போகும்.”

“போனாப் போகட்டும், சேர். எங்களுக்கு நீந்தத் தெரியாது. அதுதான் எங்களுக்கு இல்லாதது. உடுப்பு எங்களிட்ட இருக்கு.”

போகட்டும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அடுத்த சனி ஞாயிறு இளைஞர் கழகம் சிரமதானம் வைத்தது. பெடியள் காட்டுத்தடி வெட்டி நட்டார்கள், பெட்டையள் முள்ளுக்கம்பி இழுத்துக் கட்டினார்கள், ஒவ்வொரு கிடங்கையும் சுற்றி வேலி எழும்பியது. முள்ளுக்கம்பி ஒவ்வொரு வீட்டு வேலியிலிருந்தும் கழற்றி வந்தது. இதனால் பல வளவுகளுக்குள் மாடு புகுந்து மரவள்ளியைத் தின்றது, அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன். விண்ணப்பத்தையும் திரும்ப எழுதினேன். ‘உங்கள் சமூகத்தின் துயரத்தை விவரிக்கவும்’ என்ற இடத்தில் கிடங்குகளின் நீளம், அகலம், ஆழத்தை எழுதினேன். நாடா பிடித்து அளந்தது கழகத்துப் பிள்ளைகள்.

ஆவணியில் அவர்கள் வந்தார்கள். நிறைகுடம் இருந்தது, கதிரை இருந்தது, பட்டுச் சீலைகள் இருந்தன. இந்த முறை நானும் பட்டு உடுத்திருந்தேன். இணைப்பாளர் வாகனத்தால் இறங்கும்போதே தலையில் கை வைத்தார். சாப்பாடு முடிந்ததும், வாங்கோ என்று அக்கா முன்னுக்கு நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம்.

கோடை என்பதால் கிடங்கு காய்ந்து கிடந்தது. வேலிப் படலையைத் திறந்து, கூறைச்சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா உள்ளே இறங்கினார். ஒன்றரை வருடமாக அந்தப் பக்கமே போகாதவர். ஜேர்மன்காரியும் இறங்கினார். அவர் எங்கள் எல்லாரையும் விட உயரம். கிடங்கின் சுவரில் மாரித் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கறை இருந்தது. அவர் கையை உயர்த்திப் பார்த்தார். விரல் நுனி அந்தக் கறையைத் தொடவில்லை. தொடர்ந்து சில முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே விட்டார்.

“இதற்கு நாங்கள் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று அக்காவிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

அக்கா மேலே கரையைக் காட்டினார். “அதில நிண்டு கத்தினனான்,” என்றார். பிறகு தன் காலடியைக் காட்டினார். “பிள்ளை இதில. கரையில இருந்து பத்து அடி வராது. எனக்கு நீந்தத் தெரிஞ்சிருந்தா இறங்கியிருப்பன். முதல் எனக்குப் பழக்கச் சொல்லு. பிறகு பிள்ளையளுக்கு.”

இந்த முறை ஒரு சொல்லையும் நான் விழுங்கவில்லை. கரை, காலடி, பத்து அடி, இறங்கியிருப்பேன், எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன்.  முதல் முறை சமையலைப் புகழ்ந்ததாக நான் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். ஜேர்மன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சமையலும் நன்றாகத்தான் இருந்தது,” என்றார்.

காசு புரட்டாசியில் சரிவந்தது. நாங்கள் கேட்ட அளவு இல்லை, ஆனால் வலைக்கும் மிதவைக்கும் பயிற்சியாளருக்கும் போதும். அந்த மாரியை வேலி தாங்கியது. மழை விட்டுக் குளம் தெளிந்த பிறகு, மாசி மாதத்தில், வலைக்குள் முதல் வகுப்பு நடந்தது. பெட்டையள் என்ன உடுப்போடு இறங்குவது என்று ஊர் இரண்டு கூட்டம் போட்டுக் கதைத்தது. கை நீளமான ரீசேட், கால் மூடின காற்சட்டை என்று முடிவானது. வளர்ந்த பெண்களில் முதல் ஆளாக அந்த உடுப்பில் இறங்கியவர் அக்கா. வயது முப்பத்தெட்டு. வரிசையில் அவருக்கு முன்னால் ஆறு வயதுப் பிள்ளைகள் நின்றார்கள்.

அவருக்கு நாலு மாதம் பிடித்தது. முதல் மாதம் முழுக்க முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே மாட்டேன் என்றார். பிறகு வைத்தார். பயிற்சியாளர் வைத்த சோதனையில் அணைக்கட்டிலிருந்து குதித்து, வலையின் அந்தத் தலை வரைக்கும் நீந்தி, தோளளவு தண்ணீரின் அடியிலிருந்து ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார். ஜேர்மன்காரி மிதவைகளோடு ஒரு கட்டுக் கடற்குதிரை வில்லைகளையும் அனுப்பியிருந்தார். ஊரில் முதல் வில்லை அக்காவுக்குத்தான்.

அன்றைக்கு இணைப்பாளர் தொலைபேசியில் கேட்டார். “தங்கச்சி, அறிக்கைக்கு ஒரு படம் வேணும். அந்தத் தாய் தண்ணிக்குள்ள நனைஞ்சுகொண்டு நிக்கிற மாதிரி. பாக்கிற ஆளுக்கு மனசு உருக வேணும்.”

நான் அக்காவிடம் போனேன். “அக்கா, உங்களை ஒரு படம் எடுக்கட்டோ?”

“இரு, உடுத்துக்கொண்டு வாறன்,” என்று வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கூறைச்சீலையில் இருந்தார். தலைமயிர் இன்னும் ஈரம், தோளில் சீலை நனைந்திருந்தது. வில்லையை ஊசியால் நெஞ்சில் குத்தியிருந்தார். அணைக்கட்டில் ஏறி நேராக நின்றார். எடுத்தேன். காட்டினேன். நல்லது என்றார்.

“மற்றப் படம் உன்னட்ட இருக்குத்தானே? அதையும் காட்டு.”

தொலைபேசியில் எடுத்துக் கொடுத்தேன். கிடங்குக் கரையில் குந்தியிருந்த தன்னை அவர் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார்.  அதை எப்படி அழிப்பது என்று கேட்டார். காட்டினேன். தன் விரலாலேயே அழித்துவிட்டுத் தொலைபேசியை என் கையில் தந்தார்.

“இப்ப அனுப்பு,” என்றார்.